கடைசல் இயந்திரத்திற்கு முன்னர் மின்சாரக் கணக்கு

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராமத்திலேயே ஒரு பட்டறை இருத்தல் வேண்டும் என்னும் ஆவல் இன்று பல ஊர்களில் எழுந்துள்ளது. மகிழத்தக்க செய்திதான். கரும்பாலையின் உருளை தேய்ந்துவிட்டால் அதனை வண்டியேற்றி நகரத்துக்கு அனுப்பிவிட்டு, வெட்டிய கரும்பு வெயிலில் காய்வதைப் பார்த்திருக்கும் துன்பம் நம்மில் பலர் அறிந்ததே. அத்துன்பம் தீரும் பொருட்டு, எங்கள் ஊரில் சிலர் கூடிப் பெரிய கடைசல் இயந்திரம் ஒன்று வாங்கினோம். லேத் என்று பட்டறைக்காரர் சொல்வது அதுவே. அதன் மோட்டார் 10 குதிரைத்திறன் உடையது. இயந்திரத்தின் விலையை மூன்று இடங்களில் விசாரித்த நாங்கள், மின்சாரத்தைப் பற்றி ஓரிடத்திலும் விசாரித்தோமில்லை.

மீட்டர் அறை சாலையோரம் இருந்தது. பட்டறைக் கொட்டகையோ தோப்பினுள் 200 மீட்டர் தள்ளி. 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி இழுத்தோம். விசையைத் தட்டியதும் மோட்டார் உறுமிற்று. கொட்டகை விளக்குகள் மங்கின. பிறகு மெல்லச் சுழன்றது. உருளையைப் பொருத்தி உளியைச் சற்று ஆழமாகக் கொடுத்தவுடன் நின்றுவிட்டது. இயந்திரத்தைக் குறை கூறினோம். விற்றவரையும் குறை கூறினோம். குறை எங்களுடையது.

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே 10 குதிரைத்திறனுக்கு 7,460 வாட். இது மோட்டார் நமக்குத் தருவது; அது வாங்குவது ஏறத்தாழ 8,500 வாட். 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஒவ்வொரு முனையிலும் 14 ஆம்பியர் அளவு ஓடும். இந்த 14 ஆம்பியரை எங்கள் கம்பி எளிதில் தாங்கிற்று. தொட்டுப் பார்த்தால் சூடும் இல்லை. ஏமாந்தது இங்கேதான். கம்பி சூடேறாதிருப்பது ஒன்று. கடைசி வரை அழுத்தம் குறையாதிருப்பது வேறு. நீண்ட வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் இளைத்து வருவதை அறிந்த உங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்த 200 மீட்டரில் நாங்கள் இழந்தது சுமார் 30 வோல்ட். மாலையில் ஊர்க் கம்பியிலேயே 380 வோல்ட்தான் இருந்தது. கொட்டகைக்கு வந்து சேர்ந்தது 350. மோட்டாரின் திருப்பும் வலிமை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறைவதால், 350 வோல்ட்டில் பத்தில் ஏழு பங்கே மிஞ்சும். அந்நிலையில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறவும் செய்யும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் இழப்பு 8 வோல்ட்டோடு நின்றிருக்கும். மீட்டர் அறையைக் கொட்டகைக்கு அருகே அமைத்திருந்தால் அதுவும் இல்லை.

இனித் துவக்கத்தைப் பார்ப்போம். இத்தகைய மோட்டாரை நேரடியாகத் துவக்கினால், ஓடும்போது இழுப்பதைப் போல் ஆறு மடங்கு இழுக்கும். அதாவது 84 ஆம்பியர். சிற்றூர்களில் காணும் 63 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் முழுச் சுமையே 84 ஆம்பியர்தான்! நீர் இறைத்துக்கொண்டிருக்கும் பம்புகளெல்லாம் அந்தச் சில நொடிகள் தடுமாறுவதில் வியப்பென்ன? ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்தால் இந்த இழுப்பு மூன்றில் ஒரு பங்காகி, 28 ஆம்பியரில் நிற்கும். ஆனால் திருப்பும் வலிமையும் அதே அளவு குறைந்துவிடுமாதலால், கிளட்சை விடுவித்துச் சுமையின்றித் துவக்கிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். இதனை இயந்திரம் ஓட்டுபவருக்குப் பழக்குதல் அவசியம்.

கிணற்று மோட்டாரின் இணைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று எங்களுள் ஒருவர் யோசனை கூறினார். கூடவே கூடாது. வேளாண்மைக்கெனத் தந்த மின்சாரத்தைப் பட்டறைக்குத் திருப்புவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடாகும். பட்டறைக்குத் தனி இணைப்பே வேண்டும். விண்ணப்பிக்குங்கால் லேத்தை மட்டும் எழுதாமல், வெல்டிங் செட், சாணை, துளையிடும் இயந்திரம், விளக்குகள் யாவற்றையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வாங்க எண்ணியிருப்பதையும் சொல்லுங்கள். டிரான்ஸ்பார்மரில் இடம் உண்டா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரை மாற்றவேண்டி வந்தால், அதற்கு ஆகும் காலம் நம் கையில் இல்லை.

மும்முனையில் ஒரு முனை அற்றுப்போனால் மோட்டார் கருகும் என்பது பம்பு வைத்திருப்போர் பட்டறிந்த பாடம். அதைத் தடுக்கும் கருவி இதற்கும் வேண்டும். மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியே இரண்டு எர்த் இணைப்புகள் இருத்தல் வேண்டும். கடைசல்காரரின் கை நாள் முழுவதும் இரும்பின்மீதே இருக்கிறது என்பதை மறவாதீர்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

நாங்கள் கம்பியை மாற்றி, ஸ்டார்ட்டரை மாற்றி, முதல் உருளையைக் கடைந்தெடுத்தபோது மாசி பிறந்துவிட்டது. அவ்வாண்டு எங்கள் ஊர் ஆலை உருளைகள் வழக்கம்போல் நகரத்துக்கே போய் வந்தன.