கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் ஒரு பகல்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



விடுமுறை என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஊட்டி, கொடைக்கானல் என்பார்கள். நான் சொல்ல வந்தது அரை நாளில் பார்த்துவிடக்கூடிய சிறிய இடம். சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் அருகிலுள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள். மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர்தான். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று குடும்பத்தோடு போயிருந்தோம். மரமெல்லாம் கூடுகள். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் தொலைநோக்கியில் நத்தைகுத்தி நாரையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வாய் சரியா மூடலையே, அடிபட்டிருக்கா?" என்றாள். "இன்னும் நாலஞ்சைப் பாரு" என்றேன். எல்லாவற்றுக்கும் அலகின் நடுவே இடைவெளி இருந்தது. சற்று நேரம் கழித்து, "குஞ்சுக்கு மட்டும் இடைவெளி இல்லையே!" என்றாள். நத்தையைப் பிடித்து உண்ணும் பறவை அது. வளர வளரத்தான் அந்த இடைவெளி உண்டாகிறது. தகவமைப்பு என்ற சொல்லை அவள் பாடத்தில் முன்பே படித்திருந்தாள். அன்று கண்ணால் கண்டாள்.

இந்த ஊர் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. பல ஆண்டு வழக்கம் இது. கரையில் நின்ற பெரியவரிடம், "பிள்ளைகள் பட்டாசு கேக்காதா தாத்தா?" என்று மகள் கேட்டாள். "கேக்கும் தாயி. குஞ்சு பயந்து கூட்டுலேருந்து விழுந்திரும்னு சொன்னா, அதுகளே வேணாம்னுரும்" என்றார்.

நண்பர்களே, அறிவிப்புப் பலகை மட்டும் ஒரு கண்மாயைக் காத்துவிடாது. தனக்குப் பிடித்த ஒன்றைத் தானே விட்டுக்கொடுக்கும் பிள்ளைகள் காக்கிறார்கள். நம் பள்ளிகளுக்குப் பக்கத்திலும் கண்மாய்கள் உண்டு. பலவற்றில் குப்பை கொட்டப்படுகிறது. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அங்கே என்ன பறவை வருகிறது என்றே அறியாத பிள்ளை, நாளை அதற்காக எப்படிப் பேசும்?

மழைக்காலம் முடிந்ததும், தலைமையாசிரியர் அனுமதியோடு, போதிய பாதுகாப்புடன் ஒரு பாடவேளை கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொடக்க வகுப்பினர் பறவைகளை எண்ணட்டும், அலகை வரையட்டும். உயர்நிலை வகுப்பினர் வயல் நத்தை, அதைத் தின்னும் நாரை, நாரையின் எச்சம் கலந்த கண்மாய் நீர், அந்நீர் பாயும் வயல் என்ற சுழற்சியை எழுதட்டும். ஓசையில்லாமல் நின்று பார்க்க அரை மணி நேரம் கொடுங்கள். விளக்கத்தை அவர்கள் கேட்ட பிறகு சொல்வோம். குடும்பத்தோடு வேட்டங்குடிக்குப் போக விரும்பினால், கண்மாயில் நீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, அதிகாலையிலோ மாலையிலோ போங்கள்.