மலையும் கைக்கல்லும்

திருவரங்கத்தினின்று நோக்கினால் காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டைப் பாறை, ஏறத்தாழ 83 மீட்டர் உயரம், எழுந்து நிற்கும். அதன் விரிசல் ஒன்றை மட்டும் நிழற்படமாக்கிக் காட்டினால், அது விரலளவா, ஆளுயரமா என்று சொல்வது அரிது. ஆதலின் நிலவியலார் படமெடுக்கையில் பாறையருகே சுத்தியல் ஒன்றை வைப்பர்.

சிறியதைப் பெருக்கினால் பெரியது கிடைத்துவிடும் என்று இங்கே கவியுள்ளம் முந்தும். உவமைக்குப் பழகிய உள்ளமல்லவா! பாறை அதற்கு முற்றும் இணங்குவதில்லை. 1984-இல் மாண்டல்பிராட்டும் உடனாய்வாளர் இருவரும் உடைந்த உலோகப் பரப்புகளை அளந்தனர். அவ்வகை ஆய்வு பின்னர்ப் பாறைகளுக்கும் விரிந்தது. பல பாறைகளில், உடைபரப்பின் நீளம் 10 மடங்கானால் மேடுபள்ளம் ஏறத்தாழ 6 மடங்கே கூடுகிறது. தன் நீளத்தை நோக்கப் பெரும்பிளவே வழவழப்பானது. கைக்கல்லின் கீறலை ஆய்ந்து, பாறைக்கிணற்றின் ஊற்றைக் கணிக்க முனைவோர் இடறுவது இவ்விடத்தில்தான்.