உப்பளக் கரையில் சிசு பரிபாலனம்



சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அத்தகைய பழந்துறையில், கழுவெளி ஏரியை அடுத்து உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கும் இக்கரையில், சிசுக்களின் ஆரோக்கியம் குறித்து ஆராயக் கூடிய சபைக்குத் தலைமை வகிக்கும் பாக்கியத்தை அளித்தமைக்கு வந்தனம் கூறி, உபசாரத்தை இத்துடன் நிறுத்தி விஷயத்துக்கு வருகிறேன்.

1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும் சென்ற மாதத்தினின்றும் ஏறிற்றா என்பதையே பிரதானமாகக் கருதி, ஏறாத பிள்ளைக்குச் சத்துணவு அளித்துத் தேறியபின் நிறுத்தியது. மெலிந்தபின் ஊட்டுவதைவிட மெலியத் தொடங்கும்போதே கண்டுகொள்வது மேல் என்ற அந்தச் சூட்சுமம் இன்றும் பழுதுபடவில்லை. பழுது வேறிடத்தில் இருக்கிறது.

அங்கன்வாடித் தொங்கு தராசைப் பார்த்திருப்பீர்கள். துணிப்பையில் இட்ட பிள்ளை காலை உதைத்துக் கதறும். முள் நிலைகொள்ளாது ஆடும். ஓய்கிற கணம் பார்த்துப் பணியாளர் எண்ணைப் படித்து, தாய் சேய் நல அட்டையில் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியின் பொருளை யாரிடம் சொல்கிறோம்? பொழுது புலருமுன் தாய் உப்பு வாரப் போய்விட்ட வீட்டில், பிள்ளைக்குச் சோறு பிசைபவள் பாட்டியாகிய ஆயா. ஆறு மாதம் நிறைந்ததும் பருப்பும் முட்டையும் சிறிது எண்ணெயும் சேர்க்கவேண்டுமென்ற உபதேசமோ, கூலியை விட்டுத் தடுப்பூசிக்கு வந்த தாயின் காதோடு நின்றுவிடுகிறது. அட்டை ஒருத்தி கையில், அகப்பை இன்னொருத்தி கையில்!

மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்தாம் மாதங்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே செல்லவேண்டுமென்று 2018இல் தேசியத் திட்டம் ஒன்று வகுத்தது. சிலாக்கியமான ஏற்பாடுதான். ஆயினும், அளத்து வேலை நடக்கும் முற்பகலில் பூட்டிய கதவைத் தட்டுவதில் பிரயோஜனம் என்ன? தாயும் தகப்பனும் ஆயாவும் ஒருங்கே இருக்கும் மாலை வேளையில் சென்றாலொழிய, ஊசிக்குப்பின் காயும் ஜுரத்துக்கு அஞ்சி அடுத்த தவணையைத் தள்ளிப்போடும் வீட்டாரைத் தேற்ற வழியில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றையும் இடையே சொல்லிவிடுகிறேன். பாத்தியில் அள்ளிய கல்லுப்பே வீட்டுச் சட்டியில் விழுமானால், ஊருக்கெல்லாம் உப்பு தரும் கர்ப்பிணிக்கே, சிசுவின் மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாத அயோடின் குறையக்கூடும். வீட்டுக்குச் செல்பவர் உப்புச் சாடியையும் திறந்து பார்க்கட்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையால் உப்பு விளைவதில்லை. தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு ரூ.5,000 நிவாரணம் தருகிறது. அம்மாதங்களில் பிள்ளைகளின் எடைக்கோடு என்ன ஆகிறது என்பதைப் பங்குனி, சித்திரை மாதத்துக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வோர் அங்கன்வாடியிலும் அட்டைகள் இருக்கின்றன. அவற்றை எடுத்து ஆராயும் பொறுப்பை இன்று மாலைக்குள் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்க வேண்டுமென்று பிரேரேபித்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.