அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?
(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



நாட்டை உலுக்கிய துயரச் செய்தி வந்த வேளையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று யாரைக் கேட்டாலும் விடை உடனே வரும். 1948 ஜனவரி 30-ல் காந்தியடிகள் சுடப்பட்ட செய்தியைக் கேட்டவர்கள், நின்ற இடத்தையும் அருகில் இருந்தவரையும் முதுமை வரை சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆழிப்பேரலை வந்ததை நம்முள் பலர் அவ்வாறே சொல்வோம்.

இதனை ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஆராய்ந்து 1977-ல் வெளியிட்டனர். ஒளிப்படக் கருவியின் மின்னொளி போல் மனத்தில் பதியும் நினைவு என்று இதற்குப் பெயரிட்டனர். 1963-ல் கென்னடி கொல்லப்பட்ட செய்தியைக் கேட்ட தருணம் வெள்ளையர், கறுப்பின மக்கள் ஆகிய இரு சாராருக்கும் நினைவிருந்தது. ஆனால் 1968 ஏப்ரல் 4-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட தருணமோ, கறுப்பின மக்களுள் நான்கில் மூன்று பங்கினர்க்கும் வெள்ளையருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கும் மட்டுமே அவ்வாறு பதிந்திருந்தது. ஒரே நாடுதான், செய்தியும் ஒன்றுதான். எனினும், தன் இழப்பு என்று எதனை உணர்கிறதோ, அதனையே நெஞ்சம் ஆழமாகப் பதித்துக்கொள்கிறது.

இளைஞர்களே, இது நமக்கும் பொருந்தும். 1956 டிசம்பர் 6-ல் அண்ணல் அம்பேத்கர் தில்லியில் மறைந்தார். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் மறைந்த நாள் அது. நாடு முழுவதற்கும் உரிய துயரம். 1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய்த் திரண்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். மாண்டவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அது சேரியின் துயரமா, நாட்டின் துயரமா? அந்நாளை நினைவில் வைத்திருப்போர் யார் என்பதைப் பார்த்தால் விடை புலப்படும்.

நினைவு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியைக் கேட்ட விதத்தை உல்ரிக் நைசர் என்னும் அறிஞர் மாணவர்களைக் கொண்டு எழுதி வாங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் மீண்டும் கேட்டபோது, பலர் வேறு இடத்தையும் வேறு ஆட்களையும் உறுதிபடக் கூறினர். நெஞ்சுறுதி வேறு, மெய்ம்மை வேறு என்பது தெளிவாயிற்று.

எழுத்து வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் நினைவு வாய்மொழியாகவே வாழ்ந்தது. மறுப்பவர் எழும்போது, ஏடு இல்லாதவர் சொல் எடுபடுவதில்லை. ஏட்டையும் எழுதுகோலையும் நம் பிள்ளைகள் கையில் கொடுத்ததே இக்கழகம் கால் நூற்றாண்டாய் ஆற்றிய பணி. அந்த எழுதுகோலுக்கு இன்று ஒரு வேலை சொல்கிறேன்.

உங்கள் தெருவில் உள்ள முதியவர் ஒருவரிடம் சென்று அமருங்கள். செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், அடுத்து என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொன்னதைச் சொன்னவாறே எழுதி, கேட்ட நாளையும் குறியுங்கள். இருவர் கூற்று மாறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். பின்னர் நூலகத்தில் அந்நாளைய செய்தித்தாளோடு ஒப்பிடுங்கள். செய்தித்தாளில் இல்லை என்பதற்காக எதையும் அடித்துவிடாதீர்கள். இல்லை என்பதையும் ஒரு குறிப்பாக எழுதுங்கள்.

1956-ல் பத்து வயதுச் சிறுவராய் இருந்தவர் இன்று எண்பதை எட்டுகிறார். காலம் நமக்காகக் காத்திராது. அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஒவ்வோர் இளைஞரும் ஒரு குறிப்பேட்டை நிரப்பி, கழக நூலகத்தில் சேர்ப்பீராக என்று வேண்டி அமைகின்றேன்.