பிள்ளைகளின் மனமும் கைப்பேசியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரயில்வே பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதும் நாம் மனோதத்துவம் பேச வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆயினும், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் கதவைத் தாழிட்டுக்கொண்டு, முகமறியாதவர்களுடன் நள்ளிரவுவரை கைப்பேசியில் உரையாடுவது கண்டு வருந்தாத இல்லம் இக்காலனியில் உண்டோ?

பழியெல்லாம் கைப்பேசியின் மீதே விழுகின்றது. பார்சல் உடைந்து வந்து சேர்ந்தால், அனுப்பிய நிலையத்தார் எழுதிய குறிப்பை முதலில் பார்ப்பதே நமது அலுவலக வழக்கம். கட்டும்போதே நைந்திருந்ததா, வழியில் நைந்ததா என்பது அப்போதுதான் விளங்கும்.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்து மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி என்பார் 1980-களில் உடற்பருமனுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். நன்றாக எடை குறைந்துவந்தவர்களே சிகிச்சையை விட்டு நீங்கினர். காரணம் வினவியபோது, அவர்களுட் பலர் இளமையில் கொடுமைக்கு உள்ளானவர்கள் என்பது வெளிப்பட்டது. பின்னர் அவரும் ராபர்ட் ஆண்டா முதலியோரும் வயதுவந்தோர் 9,508 பேரை விசாரித்து, 1998-ல் முடிவை வெளியிட்டனர். அடி, வசை, பாலியற் கொடுமை, தாய் அடிபடக் காணல், குடிகாரரோடு வாழ்தல் முதலிய ஏழு வகைத் துன்பங்களைப் பற்றி வினவினர். பாதிக்கு மேற்பட்டோர் ஒன்றையேனும் பட்டிருந்தனர். நான்கும் அதற்கு மேலும் பட்டவர்களுக்கு மதுப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், ஒன்றும் படாதவர்களைக் காட்டிலும் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு இருந்தது.

"அந்தக் காலத்தில் அடிபடாத பிள்ளை ஏது? நாங்கள் கெட்டா போனோம்?" என்பார்கள் பெரியவர்கள். கெட்டவர்கள் விழாவுக்கு வந்து பேசுவதில்லை, ஐயா.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. அது மாற்றல் உத்தரவு. வீட்டில் தமிழும் பள்ளியில் இந்தியுமாய், ஊர்தோறும் தோழரை இழந்து, புதிய வகுப்பில் தனியே அமர்கின்றனர். பழைய ஊர்த் தோழனோடு உறவு அறாமல் இருப்பது அந்தக் கைப்பேசியால்தான். அந்த நன்மையை மறுக்கலாகாது. ஆனால் வீட்டில் பேச இடமில்லாத பிள்ளை, "சாப்பிட்டாயா?" என்று அன்பாய்க் கேட்கும் அந்நியனை நம்பிவிடுகின்றது. அவன் படம் கேட்பான், கொடுத்தபின் மிரட்டுவான். அப்பாவிடம் சொன்னால் அடியும் விழும், கைப்பேசியும் போகும் என்றஞ்சிப் பிள்ளை வாய் திறவாது. மிரட்டுபவனுக்கு நமது பிரம்பே துணையாகின்றது.

2015-16-ல் நிமான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேருக்கு மனநலக் குறை காணப்பட்டது. உறக்கம் கெடுதல், உணவை ஒதுக்குதல், விளையாட்டை விடுதல், மதிப்பெண் சரிதல் ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் திமிர் என்று தள்ளாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். ரயில்வே மருத்துவமனைக்குக் காய்ச்சலுக்கு மட்டுந்தான் போகவேண்டுமென்று யார் சொன்னார்கள்?

இணையத்தில் பணம் பறிக்கும் மிரட்டலுக்கு 1930, குழந்தைகளின் இடருக்கு 1098, மனத்துயருக்கு 2022 முதல் நடைபெறும் டெலிமனாஸ் 14416. இந்தக் கடைசி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். மூன்று எண்களையும் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்குமாறு காரியதரிசியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சாக்குக்கட்டியால் அன்று, வண்ணத்தால்.