நாமும் நாங்களும்: குடும்பக் காணொளிகளும் பார்வையாளர் மனமும்



மொழியைப் பற்றிய சொற்பொழிவு என்று அறிவித்துவிட்டு யூடியூப் குடும்பங்களைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திரிங்காப்பைச் சுற்றியுள்ள காய்கறித் தோட்டங்களாயினும், போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தேயிலைத் தோட்டங்களாயினும், மாலையில் வேலை முடிந்து கைபேசியை எடுப்பவர் கேட்கும் தமிழில் கணிசமான பகுதி இன்று குடும்பக் காணொளித் தமிழே. யாரோ ஒருவர் வீட்டில் காலையில் என்ன பசியாறினார்கள், குழந்தைக்குக் காது குத்தியது எங்கே, மாமியாரும் மருமகளும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதையெல்லாம் நம் மாணவர் நன்கு அறிந்திருக்கின்றனர். பாடநூல் தமிழைவிட அத்தமிழே அவர்கள் காதில் மிகுதியாக விழுகிறது. ஆகவே அது மொழியாசிரியர்க்கும் உரிய பொருளாகும்.

இக்காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் உரையாடினால் ஒரு முரண் தெரியவரும். "அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி" என்பார்கள். சற்று நேரத்தில், "எல்லாம் காசுக்காகத்தான்" என்பார்கள். "குழந்தையை இப்படிக் காட்டக் கூடாது" என்று வருந்துவார்கள்; மறுநாள் அக்குழந்தையின் பிறந்தநாள் காணொளியை முதல் ஆளாகப் பார்ப்பார்கள். அன்பும் ஐயமும், ஈடுபாடும் எரிச்சலும், சிலவேளை பொறாமையும் குற்றவுணர்வும் ஒரே மனத்தில் குடியிருக்கின்றன. இதனைப் பார்வையாளரின் பலவீனம் என்று தள்ளிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. இம்மனக்குழப்பத்துக்குத் தமிழ் இலக்கணத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது என்பதே இவ்வுரையின் கருத்து.

உளப்படுத்தும் சொல்

தன்மைப் பன்மைக்குத் தமிழில் இரண்டு சொற்கள் உள்ளன. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது 'நாம்'. கேட்பவரை விலக்கிச் சொல்வது 'நாங்கள்'. பழந்தமிழில் விலக்கும் சொல்லாக 'யாம்' இருந்தது. பிற்காலத்தில் 'நாம்' என்பதனோடு 'கள்' சேர்ந்த 'நாங்கள்' அவ்விடத்தைப் பெற்றது. தொல்காப்பியத்தின் வினையியலில் அம், ஆம், எம், ஏம் என்னும் விகுதிகளுக்கு உரை எழுதியவர்கள், முன்னிலையாரை உளப்படுத்துவன எவை, படர்க்கையாரை உளப்படுத்துவன எவை என்று பிரித்துக் காட்டினர். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பது அதற்குரிய கலைச்சொல். ஆங்கிலத்துக்கு இவ்வேறுபாடு இல்லை. மலாய்மொழிக்கு உண்டு: 'கித்தா' கேட்பவரைச் சேர்க்கும், 'காமி' விலக்கும். ஆதலால் மலேசியத் தமிழ் மாணவன் தான் அன்றாடம் பேசும் இரு மொழிகளிலும் இந்நுட்பத்தை அறிந்தே வளர்கிறான்.

இப்போது குடும்பக் காணொளி ஒன்றைச் செவிகொடுத்துக் கேளுங்கள். "வணக்கம் சொந்தங்களே, இன்னிக்கு நாம எங்க போறோம்னா" என்று தொடங்கும். "நம்ம சேனல்", "நம்ம பாப்பா", "வாங்க, வீடியோவுக்குள்ள போகலாம்" என்று தொடரும். பயணச் சீட்டு எடுத்தவர் நால்வர். ஆயினும் 'நாம்' போகிறோம். பார்ப்பவர் அந்தச் சொல்லால் வாசலைக் கடந்து உள்ளே அழைக்கப்படுகிறார். 'சொந்தங்களே', 'உறவுகளே' என்னும் விளிகள் அவருக்கு அமரப் பாய் விரிக்கின்றன. அவரும் மறுமொழியில் அக்கா, அண்ணி, தம்பி என்று முறை வைத்து எழுதுகிறார்.

பிறகு ஏதோ ஒரு நாளில் சொல் மாறுகிறது. "நாங்க ஒரு முடிவு எடுத்திருக்கோம்", "எங்க குடும்பத்த பத்தித் தப்பாப் பேசாதீங்க", "இது எங்க பர்சனல்". வாசலுக்குள் வந்து அமர்ந்தவர் அந்நொடியில் மீண்டும் தெருவில் நிற்கிறார். நேற்றுவரை 'நாம்' என்றவர்கள் இன்று 'நாங்கள்' என்கின்றனர். இதில் அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. அது அவர்கள் குடும்பம்தான். ஆயினும் பார்த்தவர் மனம் நோகிறது. அந்நோவுதான் நாம் முன்னே சொன்ன கலவையான உணர்வின் வேர்.

டொனால்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இலேயே இவ்வகை உறவைப் பற்றி எழுதினர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுபவரோடு நேயர் கொள்ளும் நெருக்கம் உண்மையான நெருக்கம்போலவே உணரப்படினும் அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் செல்வது என்று அவர்கள் விளக்கினர். அன்று அது நிகழ்ச்சி அறிவிப்பாளரைப் பற்றிய பேச்சு. இன்று அறிவிப்பாளரின் இடத்தில் ஒரு குடும்பமே நிற்கிறது.

லயத்துச் சுவரும் கைபேசித் திரையும்

"அடுத்த வீட்டுக் கதையை அறிவது நம்மவர்க்குப் புதிதா?" என்று கேட்கலாம். புதிதன்று. தோட்டத்து லயங்களில் இரு வீட்டாருக்கு இடையே ஒரே சுவர். ஒரு வீட்டில் தாளித்தால் மறு வீட்டில் மணக்கும். ஒரு வீட்டில் அழுதால் மறு வீட்டில் கேட்கும். குழாயடியில் ஊர்க்கதை முழுவதும் ஓடும். சங்க இலக்கியம் இதனை அம்பல், அலர் என இரண்டாகப் பிரித்தே அறிந்திருந்தது: சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல்; பலரும் வெளிப்படப் பேசுவது அலர்.

ஆனால் லயத்தில் பார்வை இருபுறமும் சென்றது. நாம் அவர்கள் வீட்டை அறிந்த அளவுக்கு அவர்களும் நம் வீட்டை அறிந்திருந்தனர். ஆகவே பேச்சுக்கு ஓர் அடக்கம் இருந்தது. அத்தை என்று அழைத்தால் அச்சொல்லோடு கடமையும் வந்தது. அத்தைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோக வேண்டும். அவர் வீட்டில் இழவு விழுந்தால் அடுப்பு மூட்டாத அந்நாளில் சோறாக்கிக் கொடுக்க வேண்டும். திரையில் உறவுச்சொல் வருகிறது, கடமை வருவதில்லை. கடமை இல்லாத உறவில் எஞ்சுவது உரிமை மட்டுமே. அதனால்தான் முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம், "ஏன் இப்படிக் குண்டாயிட்டீங்க?" என்று கேட்பதும், "பிள்ளைய இப்படியா வளர்ப்பாங்க?" என்று கண்டிப்பதும் பார்வையாளர்க்கு இயல்பாகிவிடுகின்றன. 'நம்ம பாப்பா' என்று அவர்கள் சொன்னதை நாம் மெய்யாகவே எடுத்துக்கொள்கிறோம்.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைக் கருதுவோம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து மக்கள் வீடுகளில் முடங்கியிருந்த காலம். பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு, பவித்ரா இணையர் எளிய சமையலறையில் நின்று, சரளமான மலாயில் சமையல் கற்றுக்கொடுத்த காணொளிகள் நாடெங்கும் பரவின. மலாய்க்காரர், சீனர், தமிழர் என இனம் கடந்து மக்கள் அவர்களை விரும்பினர். அப்போதைய பிரதமர் முகிதீன் யாசினும் தம் உரையில் அவர்களைக் குறிப்பிட்டார். தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று நாட்டுக்கே 'கித்தா' ஆயிற்று. அவ்வாண்டு சூலையில் அக்குடும்பத்தின் இல்ல விவகாரம் நீதிமன்றச் செய்தியாயிற்று. அதன் விவரங்களுக்குள் நாம் புகவேண்டியதில்லை. எண்ணவேண்டியது வேறு. சில மாதங்களுக்கு முன்னர்வரை பெயர்கூடத் தெரியாத இருவருடைய இல்வாழ்க்கை பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை நம்முள் எத்தனை பேருக்கு எப்படி வந்தது? அன்பாகத் தொடங்கியதுதான் அந்த உரிமையாகவும் மாறிற்று.

ஐயம் வீணன்று

அவ்வாறாயின் பார்வையாளர் வாய்மூடி இருக்க வேண்டுமா? அதுவும் பொருந்தாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரூபி ஃபிராங்கி என்னும் தாய் தம் பிள்ளைகள் அறுவரோடு நடத்திய குடும்பக் காணொளி அலைவரிசையை இலட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். பல மாதங்களாகப் படுக்கையறை இல்லாமல் பஞ்சுப்பை இருக்கையில் உறங்கியதாக அவருடைய மகன் ஒரு காணொளியில் கூற, 2020இலேயே பார்வையாளர் பலர் குழந்தைநல அதிகாரிகளிடம் முறையிட்டனர். 2023 ஆகஸ்டில் அத்தாய் கைதானார். குழந்தைகளைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காக 2024 பிப்ரவரியில் சிறைத்தண்டனை பெற்றார். அவருடைய மூத்த மகள் அதே ஆண்டு அக்டோபரில் யூட்டா சட்டமன்றக் குழுவின் முன் தோன்றி, குடும்பத்தைக் காட்டிப் பொருளீட்டும் இத்தொழிலிலிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று சாட்சியம் அளித்தார். பார்வையாளரின் உறுத்தல் இங்கே பொறாமையன்று. குழந்தைமேல் கொண்ட அக்கறை.

தமிழ்நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. 2024 மே மாதம், உணவுக் காணொளிகளால் புகழ்பெற்ற இர்ஃபான், துபாயில் பரிசோதித்து அறிந்த தம் கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தைக் காணொளியில் அறிவித்தார். கருவின் பாலினத்தை வெளிப்படுத்துவதை இந்தியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. தமிழ்நாட்டு மருத்துவத்துறை விளக்கம் கேட்டது, காணொளி நீக்கப்பட்டது. அக்டோபரில் அறுவை அரங்கினுள் தொப்புள்கொடி வெட்டும் காட்சி வெளியாகி, மீண்டும் சர்ச்சையாயிற்று. பிறக்குமுன்பே ஒரு குழந்தை காட்சிப்பொருளாகிவிட்டது.

இங்கே 'நாம்', 'நாங்கள்' என்னும் இரண்டிலும் சேராத ஒருவர் இருப்பதைக் கவனியுங்கள். அவர் அக்குழந்தை. "நாங்க இந்த வீடியோவை போடலாம்னு முடிவு பண்ணோம்" என்று பெற்றோர் சொல்லும்போது அந்த 'நாங்க' என்பதற்குள் அது இருக்கிறதா? அதனிடம் யாரும் கேட்கவில்லை. இலக்கணப்படி அது படர்க்கை. பிரான்சு நாடு 2020 அக்டோபரில் இயற்றிய சட்டம், பதினாறு வயதுக்குட்பட்டோர் இவ்வாறு ஈட்டும் வருமானத்தைக் காப்பதோடு, தம்மைக் காட்டும் காட்சிகளை நீக்கக் கோரும் உரிமையையும் அவர்களுக்கு வழங்கியது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2024 சூலை முதல், காணொளி வருமானத்தில் ஒரு பங்கைக் குழந்தையின் பெயரில் சேமித்து வைக்க வேண்டும். இச்சட்டங்கள் படர்க்கையில் நின்ற குழந்தையைத் தன்மைக்கு, 'நான்' என்று பேசும் இடத்துக்குக் கொண்டுவரும் முயற்சிகள்.

காட்டுவதும் காப்பதும்

குடும்பக் காணொளிகளால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, தனித்திருக்கும் மூதாட்டிக்கு மாலையில் ஒரு வீட்டின் ஓசை கேட்கிறது. வெளியே வேலைக்குச் செல்ல இயலாத பெண் வீட்டிலிருந்தே பொருளீட்டுகிறார். மொழியியலாருக்கும் ஓர் ஆதாயம் உண்டு. பசியாறுதல், சடக்கு போன்ற மலேசியத் தமிழ்ச் சொற்கள் இன்று தமிழ்நாட்டார் செவியையும் எட்டுகின்றன. அச்சொற்களை எந்த அகராதியும் இவ்வளவு தொலைவு கொண்டுசென்றதில்லை.

குடும்பத்தைக் காட்டியும் வீட்டைக் காக்க முடியும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' சான்று. 2018இல் தாத்தாவும் பேரன்மாரும் சேர்ந்து தொடங்கியது. 2021இல் ஒரு கோடிப் பேர் பின்தொடரும் முதல் தமிழ் அலைவரிசையாயிற்று. அவர்கள் திறந்த வயல்வெளியில் சமைக்கிறார்கள், உணவைக் காட்டுகிறார்கள், வேலையைக் காட்டுகிறார்கள். குடும்பம் காட்சியில் இருக்கிறது. படுக்கையறையும் பிணக்கும் காட்சியில் இல்லை. பார்ப்பவர்க்கும் அதனால் குறை எதுவும் தோன்றுவதில்லை.

நம் அகமரபும் இவ்வழியே கண்டது. அகப்பாடலில் ஒருவருடைய பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ஊடலும் பிரிவும் தாயின் தவிப்பும் அங்கே ஒளிவின்றிப் பேசப்படுகின்றன. பெயர் இல்லாமையால் எவர் மானமும் போவதில்லை. அதே காரணத்தால் படிப்பவர் எல்லாரும் அதனைத் தமதாக உணர முடிகிறது. அங்கே கிடைக்கும் 'நாம்' யாரையும் விலையாகக் கேட்காதது. பெயரும் முகமும் பள்ளிச் சீருடையும் தெரியக் காட்டும் காணொளியில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "யூடியூப் பார்க்காதே" என்று சொல்வதால் பயன் விளையாது. மாணவரிடம் பத்து நிமிடக் காணொளி ஒன்றைக் கொடுத்து அதன் பேச்சை அப்படியே எழுதச் சொல்லுங்கள். நாம், நாங்கள், நம்ம, எங்க, நீங்கள் என்னும் சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் உள்ளே இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்று கேளுங்கள். பொருள் விற்கும் இடத்தில் எச்சொல் வருகிறது, மனத்தாங்கல் வரும் இடத்தில் எச்சொல் வருகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். தன்மைப் பன்மைப் பாடமும் நடக்கும். தம் மனம் எங்கே இழுக்கப்படுகிறது, எங்கே தள்ளப்படுகிறது என்பதும் அவர்களுக்கே விளங்கும். தன் வீட்டுத் தகரக்கூரையைத் திரையில் தெரியும் பளிங்குத் தரையோடு ஒப்பிட்டு உள்ளுக்குள் சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு, "அந்த 'நாம்' உன்னை அழைத்த சொல், உன் வீட்டை அளக்கும் கோல் அன்று" என்று சொல்ல அதுவே தக்க தருணம்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை இத்தகைய காணொளிகளை எடுக்கக்கூடும். கொழுந்து பறித்த கதையைப் பாட்டியிடம் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அது அரிய ஆவணமாகும். வெளியிடுமுன் பாட்டிக்குப் போட்டுக் காட்டி, "இதை ஊரெல்லாம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தம்பி தங்கையரையும் அவ்வாறே கேளுங்கள். பார்வையாளராக இருக்கும்போது ஒரு குழந்தையின் உடலையோ நிறத்தையோ பற்றி எழுத விரல் சென்றால், அக்குழந்தை பதினெட்டு வயதில் அதனைப் படிக்கும் என்று எண்ணி விரலை எடுத்துவிடுங்கள். ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்று மெய்யாகவே ஐயம் தோன்றினால் அங்கே பழித்து எழுதாமல் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள்.

'நாம்' என்று ஒருவர் அழைக்கும்போது மகிழ்வது இயல்பு. அவ்வழைப்புக்குரிய கடமையை நம்மால் நிறைவேற்ற முடியுமா என்று ஒருகணம் கேட்டுக்கொள்ளவும் பழகுவோம்.