சொந்தத் தொழில் வகுப்பும் கையில் ஒரு கருவியும்

(வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வேலை எங்கே?" என்று கேட்கும் வாலிபனுக்கு இன்று ஏழை நாடுகளிலெல்லாம் ஒரே பதில்தான் தயாராக இருக்கிறது. "வேலை தேடாதே அப்பா, வேலை கொடுப்பவனாக ஆகிவிடு!" இதற்காக வகுப்புகள் நடக்கின்றன, பாடப் புத்தகங்கள் அச்சாகின்றன, சான்றிதழ் வழங்கும் விழாக்களில் மாலை மரியாதைகளும் நடக்கின்றன. தொழில் முனைவுப் பயிற்சி என்று இதற்குப் பெயர். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவதும் சரியல்ல, தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதும் சரியல்ல. பயிற்சி நடந்த இடங்களில் என்ன விளைந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1964-ல் நமக்கு அண்டையிலுள்ள ஆந்திராவின் காக்கிநாடாவில் டேவிட் மெக்கிளெலண்ட் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் ஒரு சோதனையைத் தொடங்கினார். அவ்வூர் வியாபாரிகள் ஹைதராபாத்திலிருந்த சிறு தொழில் பயிற்சி நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். சாதித்துக் காட்ட வேண்டும் என்ற உந்துதலை மனிதனுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பது கேள்வி. முடியும், பயிற்சி பெற்றவர்கள் முன்னைவிடச் சுறுசுறுப்பாகத் தொழிலை வளர்த்தார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இருக்கலாம். ஆனால் வந்தவர்கள் ஏற்கனவே தொழில் நடத்தியவர்கள். ஒன்றுமே இல்லாதவன் கதி என்ன?

அதற்குப் பதில் தேட நாம் வடக்கு உகாண்டாவுக்குப் போக வேண்டும். இருபது வருஷம் உள்நாட்டுச் சண்டையில் சீரழிந்த பிரதேசம் அது. கால்நடை போயிற்று, கிராமங்கள் காலியாகி ஜனங்கள் முகாம்களில் கிடந்தார்கள். சண்டை ஓய்ந்த பிறகு அந்நாட்டு சர்க்கார், உலக வங்கிப் பணத்தைக் கொண்டு ஒரு திட்டம் போட்டது. 16 முதல் 35 வயது வரையுள்ளவர்கள் சுமார் இருபது பேர் கொண்ட குழுவாகச் சேர வேண்டும். என்ன தொழில், யாரிடம் கற்பது, என்னென்ன கருவி வாங்குவது என்று தாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். மனுச் செய்த குழுக்கள் பணத்தைவிட அதிகமாயிருந்ததால் 2008-ல் குலுக்கல் நடந்தது. விழுந்த குழுவுக்குத் தலைக்குச் சராசரி 382 டாலர், அங்கே ஏறக்குறைய ஒரு வருஷ வருமானம். அதுவும் கடன் அல்ல, மானியம். கொடுத்த பிறகு மேற்பார்வை என்று பெரிதாக ஒன்றுமில்லை.

ஏழை வாலிபனிடம் ரொக்கம் கொடுத்தால் குடித்து அழிப்பான் என்று சொல்லும் பெரிய மனிதர்கள் நம் ஊரிலும் உண்டல்லவா? அவர்கள் கேட்கட்டும். அந்த இளைஞர்கள் ஒரு பகுதியைப் பயிற்சிக்குச் செலவிட்டு, மிகுதியைத் தையல் இயந்திரத்திலும் தச்சுக் கருவியிலும் மூலப்பொருளிலும் போட்டார்கள். நான்கு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, குலுக்கலில் விழாதவர்களைவிட இவர்களுடைய வருமானம் 38 சதவிகிதம் அதிகம். தொழில் சொத்து 57 சதவிகிதம் அதிகம். வேலை செய்த நேரமும் 17 சதவிகிதம் கூடியிருந்தது. சோம்பேறி என்று ஏசப்பட்டவன் கையில் கருவி வந்ததும் அதிக நேரம் உழைத்தான்!

ஆனால் கதையை இங்கே நிறுத்திவிட்டால் நாமும் அரைக் கதை சொல்பவர்களாகிவிடுவோம். ஒன்பது வருஷம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தார்கள். வருமானத்தில் மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டிருந்தார்கள். கையில் சொத்தும் கைத்தொழிலும் மட்டும் முதல் கூட்டத்தாரிடம் கூடுதலாக நின்றன. அப்படியானால் பணம் வீணா? இல்லை. மற்றவன் கூலி வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்து அடைந்ததை, இவன் சில வருஷம் முன்னதாக அடைந்தான். இளமையில் அந்தச் சில வருஷம் அற்பமல்ல. அதற்கு மேல் ஏன் ஏறவில்லை? துணி தைக்கக் கொடுப்பவனும் ஏழைதானே! ஒரு கிராமம் எத்தனை தையல்காரர்களைத் தாங்கும்? இது நமது கருத்து.

இன்னொரு விஷயம். மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் தலைநகரான லோமேயில் 1,500 சிறு வியாபாரிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான பாடம்: கணக்கு, விற்பனை, நிதி. இன்னொரு கூட்டத்துக்கு முன்யோசனை, தானாக முயலுவது, தடை வந்தால் சோராமல் வேறு வழி தேடுவது. மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. 2017-ல் வெளியான முடிவின்படி, முன்முயற்சிப் பாடம் கேட்டவர்களின் லாபம் 30 சதவிகிதம் கூடிற்று. கணக்குப் பாடம் கேட்டவர்களுக்கு 11 சதவிகிதம், அதுவும் உறுதியாகச் சொல்லக்கூடியதல்ல. பெண்களிடையே வித்தியாசம் இன்னும் பெரிது: 40-க்கு 5. கணக்குத்தான் முக்கியம் என்று அடித்துப் பேசி வந்த நம்மில் சிலருக்கு இது கசப்பாயிருக்கும். ஆனாலும் உண்மை உண்மைதான். இவர்களும் ஏற்கனவே தொழில் நடத்தியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக டுனீசியா. 2009-ல் அங்கே பல்கலைக் கழக மாணவர்கள் பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரைக்குப் பதில் ஒரு தொழில் திட்டம் எழுதலாம் என்று வழி செய்தார்கள். பயிற்சியும் வழிகாட்டியும் உண்டு. பிறகு பார்த்தால் சுயதொழிலில் இறங்கியவர்கள் தொகை சிறிது கூடியிருந்தது. மொத்தத்தில் வேலையிலிருப்போர் தொகையோ கூடவில்லை.

அதே நாட்டில், சீடி பூசீத் என்ற ஊரில், 26 வயது முகமது பூஅசீசி வண்டியில் பழமும் காய்கறியும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார். பட்டதாரி என்று பல பத்திரிகைகள் எழுதின. அது தவறு, அவர் பட்டதாரியல்ல. எந்த வகுப்புக்கும் போகாமலே சரக்கு எடுக்கவும் விலை சொல்லவும் தெரிந்தவர். 2010 டிசம்பர் 17 அன்று நகராட்சிச் சிப்பந்திகள் அவருடைய தராசைப் பறித்தார்கள். முறையிடப் போன இடத்தில் கேட்பாரில்லை. கவர்னர் அலுவலகத்தின் முன் தீக்குளித்து, 2011 ஜனவரி 4 அன்று உயிர் நீத்தார். பத்தாவது நாள் அந்நாட்டு ஜனாதிபதி விமானமேறி ஓடினார். எந்த வகுப்பு பூஅசீசிக்கு அந்தத் தராசை மீட்டுக் கொடுத்திருக்கும்?

ஆகவே, நமது ஊருக்கு வகுப்பு நடத்த யாராவது வந்தால் நாம் போவோம், உட்கார்ந்து கேட்போம், எழுதிக்கொள்வோம். பிறகு எழுந்து நின்று கேட்போம்: வகுப்பு முடிந்ததும் கருவி யார் கொடுப்பது? மானியமா, கடனா? கடன் என்றால் என்ன வட்டி? தெருவில் நின்று விற்க இடம் உண்டா? ஆலையில் கூலி வேலையையே விரும்பும் வாலிபனுக்கு என்ன வழி? அவன் முனைப்பில்லாதவன் என்று முத்திரை குத்த யாருக்கும் உரிமையில்லை.

நமது மன்றத்தில் அடுத்த வாரம் மாலை வகுப்பு துவங்குகிறது. வெல்டிங்கும் தையலும் தெரிந்த தோழர்கள் கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வந்தால் போதும். ஒரு பழைய தையல் இயந்திரம் விலைக்கு வருகிறது. அதற்குப் பணம் திரட்டுவது பற்றிக் கூட்டம் முடிந்ததும் பேசவேண்டும், யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.